வாசகர் கேள்வி – பதில்: ஆர்.சி. விமானமும் அரசு விதியும்

ஆர்.சி. (ரேடியோ கன்ட்ரோல்) விமானம் செய்து பறக்கவிடுகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழுக்கென்று எடுத்து வைத்திருந்தோம். பாதிக் கடிதங்களில் ஒரே பயம்தான்: "இதற்கும் லைசென்ஸ் வேண்டுமாமே?"

மகன் ஃபோம் போர்டில் விமானம் செய்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் "இதுவும் டிரோன்தான், பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்" என்கிறார். இறக்கை வைத்த விமானம் எப்படி டிரோன் ஆகும்?
– வாசகர், திருப்பூர்

ஆகும். 2021 ஆகஸ்ட் 25-இல் வந்த டிரோன் விதிகள் நாலு விசிறி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, உள்ளே விமானி இருக்கிறாரா என்றுதான் பார்க்கின்றன. இறக்கை விமானம், சுழலி, இரண்டும் கலந்தது என்று மூன்று வகையையும் அதில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதே விதிகளில் 'மாடல்' என்று தனி இனம் இருக்கிறது. மொத்த எடை 25 கிலோவுக்குள் இருக்க வேண்டும். படிப்பு, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு இவற்றுக்கு மட்டும் பயன்பட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்ளேயே பறக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் அது மாடல். மாடலுக்கு ரகச் சான்றிதழ் (அந்த வகை வடிவமைப்புக்கான ஒப்புதல்) தேவையில்லை. தொழிற்சாலை டிரோன்களுக்குப் பெரிய செலவு வைக்கும் சங்கதி அது.

பலர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. மாடல் என்றதும் 25 கிலோ வரை எல்லாவற்றுக்கும் விலக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓட்டுகிறவருக்கான சான்றிதழைத் தீர்மானிப்பது வேறொரு எடைக்கோடு. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, அதற்கும் மேல் 25 கிலோ வரை ஸ்மால். நானோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம். வருமானத்துக்காக இல்லாத வரை மைக்ரோவுக்கும் வேண்டாம். 2 கிலோவைத் தாண்டினால், விளையாட்டுக்காகவே பறக்கவிட்டாலும் வேண்டும். அதைப் பெற 18 வயது ஆகியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்திருக்க வேண்டும்.

ஆகவே மகனுடைய விமானத்தை பேட்டரியோடு சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஃபோம் போர்டு விமானம் ஒன்றரைக் கிலோவைத் தொடுவதே அபூர்வம்.

பழைய 40 சைஸ் க்ளோ எஞ்சின் (மெத்தனால் எரிபொருளில் ஓடுவது) பயிற்சி விமானம் ஒன்று பரணில் இருக்கிறது. எடை 2 கிலோ 400. இதை 2 கிலோவுக்குள் கொண்டுவர முடியுமா?
– வாசகர், கோவை

முதலில் அந்த 2,400 கிராம் டேங்க் காலியாக இருக்கும்போதா, நிரம்பியபோதா? விதி பார்ப்பது புறப்படும்போது உள்ள மொத்த எடையை. 300 மி.லி. டேங்கில் மெத்தனால் எரிபொருள் கிட்டத்தட்ட 260 கிராம் வரும். காலி டேங்கோடு நிறுத்திருந்தால் உங்கள் விமானம் உண்மையில் 2,660.

இனி எங்கே குறைக்கலாம் என்று பார்ப்போம். பழைய ஸ்டாண்டர்டு சர்வோ (இறக்கை, வால் தட்டுகளை அசைக்கும் சின்ன மோட்டார்) ஒன்று 43 கிராம் அளவில் இருக்கும். உலோகப் பல்சக்கரம் வைத்த 20 கிராம் மினி சர்வோக்களாக ஐந்தையும் மாற்றினால் 115 கிராம் மிச்சம். ரிசீவருக்கு நாலு செல் நிக்கல் பேக் இருந்தால் 100 கிராம். இரண்டு செல் லித்தியம் ஃபெரஸ் பேக் போட்டால் பாதி. கனத்த ரப்பர் சக்கரங்களை ஃபோம் சக்கரமாக்கினால் இன்னொரு 40, 50. எல்லாம் சேர்த்தும் 220 கிராம் தாண்டாது. எஞ்சினும் சைலன்சரும் அரைக் கிலோ. அதில் கை வைக்க முடியாது.

2 கிலோவைத் தொடுவதற்கு மேற்கொண்டு எதை வெட்டினாலும் அது பலத்தை வெட்டுவதாகத்தான் முடியும். இறக்கையின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் சுற்றியிருக்கும் ஃபைபர்கிளாஸ் நாடாவை எடைக்காக உரிக்கிறவர்கள் உண்டு. நேராகப் பறக்கும் வரை ஒன்றும் தெரியாது. லூப் அடித்துக் கீழிருந்து மேலே இழுக்கும்போது இறக்கை தாங்கும் சுமை விமானத்தின் எடையைப் போல நாலைந்து மடங்கு ஆகிவிடும். மூட்டு அங்கேதான் மடங்கும். மூக்குப் பக்கம் எடை குறைத்தால் சி.ஜி. (விமானத்தின் எடை மையம்) பின்னால் போகும் என்பது தனித் தலைவலி. வால் கனத்த விமானம் லேசாக எலிவேட்டரை (வாலின் அசையும் தட்டு) தொட்டாலே மூக்கைத் தூக்கி ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசை இழந்து சரியும்.

எங்கள் யோசனை: அந்த விமானத்தை அப்படியே வைத்துக்கொண்டு சான்றிதழ் எடுங்கள், ஒருமுறை எடுத்தால் பத்து வருடம் செல்லும். இல்லையென்றால் வார இறுதிக்கென்று இலகுவான இன்னொன்று செய்துகொள்ளுங்கள். 1.4 மீட்டர் இறக்கை, 5 மி.மீ. ஃபோம் போர்டு, மின்மோட்டார் என்றால் கணக்கு இப்படி வரும்: உடலும் இறக்கையும் 480 கிராம், மோட்டார் 110, 40 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) 40, மூன்று செல் 2200 லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 185, ஒன்பது கிராம் சர்வோ நாலும் கொம்புகளோடு 40, ரிசீவர் 15, புரொப்பெல்லர் 20, சக்கரமும் கம்பியும் 80, பசையும் நாடாவும் 60. மொத்தம் 1,030. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஏறக்குறைய ஒரு கிலோ இடம் மிச்சம் இருக்கிறது.

இதில் ஏமாற்றுவது பசைதான். க்ளூ கன்னில் போடும் தடித்த குச்சி ஒன்று 20 கிராமுக்குப் பக்கம் வரும். கை தாராளமானால் நாலு குச்சி தெரியாமலே போய்விடும். அதிலும் வால் பக்கம் தாராளம் கூடாது. வால், சி.ஜி.யிலிருந்து மூக்கைவிட மூன்று மடங்கு தள்ளி இருந்தால், வாலில் கூடிய 10 கிராமைச் சமன்செய்ய மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும். பத்து கிராம் பசை நாற்பது கிராமாகிவிடுகிறது.

குரோம்பேட்டையில் இருக்கிறோம். 200 கிராம் விமானம்தானே, நானோவுக்கு விதி எதுவும் இல்லையாமே, மைதானத்தில் விடலாமா?
– வாசகர், சென்னை

கூடாது. நானோவுக்கு ரகச் சான்றிதழ், பைலட் சான்றிதழ், மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவற்றில் விலக்கு உண்டு. வான்பகுதிக்கு விலக்கு இல்லை. நீங்கள் இருப்பது விமான நிலையத்தின் மதில் பக்கம். அங்கே 20 கிராம் விமானமும் சிவப்புப் பகுதியில்தான் பறக்கும். சிவப்புக்கு அனுமதி தர வேண்டியது மத்திய அரசு.

வட்டங்களை இப்படி நினைவில் வையுங்கள். செயல்படும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 12 கி.மீ.க்கு அப்பால், வேறு தடை ஏதும் இல்லாத இடத்தில், 400 அடி (120 மீட்டர்) வரை பச்சை, அதாவது முன் அனுமதி வேண்டாத பகுதி. 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள வளையத்தில் 200 அடி (60 மீட்டர்) வரைதான் பச்சை. அதற்கு மேல் மஞ்சள், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி வேண்டும். 8 கி.மீ.க்குள் பச்சையே கிடையாது. தூரத்தை அளப்பது நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து, ஓடுபாதையின் நடுவிலிருந்து அல்ல. கூகுள் மேப்பில் நடுப்புள்ளியில் வட்டம் போட்டுவிட்டு "எட்டரை கி.மீ. வருகிறதே" என்று ஏமாந்தவர்கள் நிறைய. சென்னையில் மீனம்பாக்கத்தோடு தாம்பரம் விமானப்படைத் தளமும் இருக்கிறது. அங்கே வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைத் திறந்து உங்கள் மைதானத்தின்மேல் விரல் வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி. வரைபடம் மாறும், ஆகவே பறக்கவிடும் அன்றே பாருங்கள்.

120 மீட்டரை எப்படி மதிப்பிடுவது என்று கேட்பீர்கள். கையை முழுக்க நீட்டி ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் குறுக்கே பிடியுங்கள். 1.4 மீட்டர் இறக்கை 120 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய பேனாவின் தடிமன் அளவுக்கு, 7, 8 மி.மீ., தெரியும். 60 மீட்டரில் கட்டைவிரல் நகத்தின் அகலம். தலைக்கு நேர் மேலே வரும்போது பார்த்தால்தான் இந்தக் கணக்கு உயரத்தைச் சொல்லும்; சாய்வாகப் பார்த்தால் தூரத்தைத்தான் சொல்லும். சரியாகத் தெரிய வேண்டுமென்றால் டெலிமெட்ரி (விமானத்திலிருந்து தகவலைத் திருப்பி அனுப்பும் வசதி) உள்ள ரிசீவரில் உயரமானி சென்ஸார் ஒன்றைச் சொருகி, 110 மீட்டரில் டிரான்ஸ்மிட்டர் கத்தும்படி வைத்துவிடுங்கள்.

பச்சைப் பகுதியில், ஏரிக்கரைத் திடலில் பறக்கவிட்டோம். காவல் துறையினர் வந்து நிறுத்தச் சொன்னார்கள். பச்சை என்றால் அனுமதி வேண்டாம் என்றுதானே விதி?
– வாசகர், மதுரை

பச்சையில் விமானத் துறையின் முன் அனுமதி வேண்டாம் என்பது சரி. ஆனால் மாநில அரசோ சட்டம் ஒழுங்கு அமைப்போ ஒரு இடத்தைத் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. அந்த உத்தரவை எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி போட வேண்டும். முக்கியப் பிரமுகர் வருகை, பெரிய திருவிழா, தேர்தல் வாக்கு எண்ணிக்கை இவற்றையொட்டி இது நடக்கும். முன்பு 144 என்றது, இப்போது 163 ஆகிவிட்ட தடையுத்தரவிலும் டிரோன் பறக்கத் தடை சேர்த்து வரும். உள்ளூர்ச் செய்தியைப் பார்க்காமல் கிளம்பினால் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று, வானம் பச்சை என்பதற்காகத் தரை உங்களுடையது ஆகிவிடாது. ஏரி, பள்ளி மைதானம், தரிசு நிலம் எதுவானாலும் அதற்குப் பொறுப்பானவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். விதியில் இல்லாவிட்டாலும், மாதாமாதம் ஒரே இடத்தில் பறக்கவிடுபவர்கள் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அன்றைய வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட், பதிவு எண், காப்பீட்டுத் தாள் மூன்றும் கைப்பேசியில் இருக்கட்டும். விதியை அவருக்குப் பாடம் நடத்த வேண்டாம். முதலில் விமானத்தை இறக்கிவிட்டு, பிறகு பேசுங்கள்.

வீட்டில் செய்த விமானத்துக்கு யூ.ஐ.என். பதிவு எண் வேண்டுமா? சீரியல் நம்பர் கேட்கிறார்களே, ஃபோம் போர்டில் எங்கே இருக்கும் சீரியல் நம்பர்?
– வாசகர், சேலம்

நியாயமான எரிச்சல். மாடலுக்கு ரகச் சான்றிதழில்தான் விலக்கு எழுதியிருக்கிறார்கள், பதிவில் இல்லை. விண்ணப்பம் டி-2 படிவம், கட்டணம் 100 ரூபாய். தயாரிப்பாளர் தந்த எண், ஃப்ளைட் கன்ட்ரோலர் (பறப்பைச் சீராக்கும் மின்னணுப் பலகை) எண், தரைக் கட்டுப்பாட்டுக் கருவியின் (நமக்கு டிரான்ஸ்மிட்டர்) எண் ஆகிய மூன்றோடும் யூ.ஐ.என். பிணைக்கப்படும் என்கிறது விதி. பெட்டியிலிருந்து எடுத்த நாலு விசிறி டிரோனை மனதில் வைத்து எழுதியது இது. மூக்கில் மோட்டார், வயிற்றில் ரிசீவர் மட்டும் உள்ள விமானத்தில் ஃப்ளைட் கன்ட்ரோலரே இருக்காது.

கையாளும் வழி: தயாரிப்பாளர் நீங்கள்தான், ஆகவே ஒவ்வொரு விமானத்துக்கும் நீங்களே ஒரு எண் வைத்து உடலின் உட்புறத்தில் அழியாத மையில் எழுதுங்கள். டிரான்ஸ்மிட்டரின் பின்புறம் ஒட்டியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டெபிலைசர் உள்ள ரிசீவரானால் அதன் எண்ணையும் குறியுங்கள். பதிவு செய்தபின் கன்ட்ரோலரையோ டிரான்ஸ்மிட்டரையோ மாற்றினால் 7 நாளுக்குள், அல்லது அடுத்துப் பறக்கவிடும் முன், எது முந்தியதோ அதற்குள் பதிவைத் திருத்த வேண்டும். விழுந்து உடைந்து, ஒரே ரிசீவர் நாலு விமானத்துக்கு மாறும் நம் பொழுதுபோக்கில் இது எவ்வளவு நடக்கும் என்பது வேறு கேள்வி. ஆனாலும் 2021 மார்ச்சில் வந்த முந்தைய விதிகளை நினைத்தால் இது எவ்வளவோ மேல். அதில் 25 படிவம், 72 வகைக் கட்டணம். இப்போது 5 படிவம், 4 கட்டணம்.

கண்ணில் காகிள்ஸ் மாட்டி எஃப்.பி.வி. (விமானத்தின் கேமரா வழியே பார்த்து) பறப்பது மாடலில் சேருமா?
– வாசகர், புதுச்சேரி

மாடல் என்பதற்கே கண்பார்வைக்குள் பறக்க வேண்டும் என்பது நிபந்தனை. காகிள்ஸ் மாட்டியவர் பார்ப்பது கேமராவை, விமானத்தை அல்ல. பக்கத்தில் ஒரு நண்பர் நின்று விமானத்தையே பார்த்துக்கொண்டிருப்பது பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் அதனால் நீங்கள் நிபந்தனைக்குள் வந்துவிட்டீர்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அதே விமானத்தில் கல்யாணத்தைப் படம்பிடித்துக் காசு வாங்கினால், அன்றைக்கு அது மாடலே இல்லை.

நண்பர் 915 மெகாஹெர்ட்ஸ் எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். (நெடுந்தூர ரேடியோ இணைப்பு) மாட்யூல் கொடுத்தார். தூரம் நன்றாக வருகிறது. பயன்படுத்தலாமா?
– வாசகர், ஓசூர்

915-இல் வேண்டாம். இந்தியாவில் 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரை கைப்பேசிகள் டவருக்குப் பேசும் அலைவரிசை. உங்கள் மாட்யூல் தாவித் தாவிப் போவது 903-இலிருந்து 927 வரை. நமக்கு உரிமம் இல்லாமல் விட்டிருப்பது 865-இல் தொடங்கும் சிறு பட்டை. அதற்கென்றே எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். மென்பொருளில் இந்தியா 866 என்ற தேர்வு இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் மாட்யூல், ரிசீவர் இரண்டையும் அதே தேர்வில் மறுபடி ஃப்ளாஷ் செய்ய (மென்பொருளை ஏற்ற) வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் பைண்ட் ஆகாது, ஒன்றோடொன்று இணையாது. "ரிசீவர் செத்துவிட்டது" என்று தூக்கிப்போடும் ரிசீவர்களில் பல இப்படிப்பட்டவை. கண்பார்வைக்குள்தான் பறக்கப் போகிறீர்கள் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸே தாராளம்.

ரேடியோ பேச்சு வந்ததால் ஃபெயில்சேஃப் பற்றியும் ஒரு வார்த்தை: சிக்னல் போனால் என்ன செய்வது என்று ரிசீவரில் வைக்கும் அமைப்பு அது. சிக்னல் போனால் கடைசி நிலையைப் பிடித்துக்கொள்ளும்படி சில ரிசீவர்கள் அமைந்திருக்கும். முக்கால் த்ராட்டிலில் சிக்னல் போனால் விமானம் முக்கால் த்ராட்டிலிலேயே பக்கத்து ஊருக்குப் போகும். வட்டம், உயரம் எல்லா விதியும் அதோடு போச்சு. புரொப்பெல்லரைக் கழற்றுங்கள், பேட்டரியை இணையுங்கள், கால் த்ராட்டில் கொடுத்து டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். ஓரிரு நொடியில் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்று பறக்க வேண்டாம்.

இரண்டு மீட்டர் கிளைடர் வைத்திருக்கிறேன். தெர்மலில் ஏற்றினால் 400 அடி எந்த மூலைக்கு?
– வாசகர், நாகர்கோவில்

போதாதுதான். மற்றவர்களுக்கு 400 அடி பெரிய இழப்பில்லை. பயிற்சி விமானம் 60 மீட்டருக்குமேல் போனாலே பலருக்குத் திசை குழம்பும். கிளைடர்காரருக்குத்தான் இந்த விதி கழுத்தில் கை வைக்கிறது. வெப்பக்காற்றுத் தூண் 100 மீட்டருக்கு மேல்தான் அகலமாகித் திரள்கிறது. பிடித்துவிட்டால் கிளைடர் 300 மீட்டருக்குத் தானே ஏறும். 120-க்கு மேல் மஞ்சள், அதற்கு அனுமதி. தனி ஆளாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டு வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவராது.

வழி என்றால் இதுதான்: 60, 70 மீட்டரில் மோட்டாரை நிறுத்தி, தாழ்வான தெர்மலைத் தேடப் பழகுங்கள். 100 மீட்டரில் அலாரம். இரண்டு ஏலரானையும் (இறக்கைகளின் பின்விளிம்பில் அசையும் தட்டுகள்) மேலே தூக்கி பிரேக்காக்கும் மிக்ஸிங்கை ஒரு சுவிட்சில் வையுங்கள். அலாரம் அடித்ததும் அதைப் போட்டு இறங்குங்கள். மூக்கைக் குத்தி இறக்கினால் வேகம் ஏறி இறக்கை படபடத்து உடையும். பறந்துகொண்டிருக்கும்போது மேலே ஆள் ஏறிய விமானமோ ஹெலிகாப்டரோ வந்தால் வழி அதற்குத்தான். இது எந்த நிறப் பகுதியிலும் மாறாது.

மாமா துபாயிலிருந்து பெட்டியில் முழு விமானம் வாங்கி வருகிறேன் என்கிறார்.
– வாசகர், தஞ்சாவூர்

முழுதாகவோ, பிரித்த கிட்டாகவோ டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி 9 முதல் தடை. அரசு, அங்கீகரித்த ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரிப் பாகங்களுக்குத் தடையில்லை. சுங்க வகைப்பாட்டில் விளையாட்டுக்கென்றே செய்த பறக்கும் பொம்மைகள் தனித் தலைப்பில் வருகின்றன என்பது உண்மை. ஆனால் உங்கள் பெட்டி பொம்மையா டிரோனா என்று தீர்மானிப்பவர் கவுண்டரில் நிற்கும் அதிகாரி. மோட்டார், ஈ.எஸ்.சி., சர்வோ வாங்கிவரச் சொல்லுங்கள். உடலை இங்கே செய்துகொள்ளலாம். லைப்போ கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளை நாடா ஒட்டி. 100 வாட்-மணி வரை சிக்கலில்லை: மூன்று செல் 2200 வெறும் 24 வாட்-மணி. ஆறு செல் 5000 என்றால் 111. அதற்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்.

அமெரிக்காவில் படிக்கும் தங்கை மகனுக்கு அங்கே விதி எப்படி?
– வாசகர், ஈரோடு

250 கிராமைத் தாண்டினால் எஃப்.ஏ.ஏ. என்ற அந்நாட்டு விமானத் துறையில் பதிவு, 5 டாலர், மூன்று வருடம், பொழுதுபோக்குக்காரருக்கு ஒரே எண் அவருடைய எல்லா விமானங்களுக்கும். அந்த எண்ணை விமானத்தின் வெளிப்புறத்தில் எழுத வேண்டும். டிரஸ்ட் என்ற இலவச இணையத் தேர்வை முடித்து, சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். அங்கும் 400 அடிதான். ரிமோட் ஐ.டி. (விமானத்தின் அடையாளத்தை ரேடியோவில் அறிவிக்கும்) கருவி இல்லாமல் பறந்தால் நடவடிக்கை என்பது 2024 மார்ச் 16-க்குப் பிறகு நடைமுறையில் இருக்கிறது. பதிவுபெற்ற கிளப் மைதானங்களில் மட்டும் அந்தக் கருவி இல்லாமல் பறக்கலாம். கையால் செய்த விமானத்துக்கு அதுவே நல்ல இடம். ஒரு கிளப்பில் சேரச் சொல்லுங்கள்.

விமானம் விழுந்து ஒரு கார் கண்ணாடி உடைந்துவிட்டது. இப்போது என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், திருச்சி

நானோவுக்கு மேல் எல்லாவற்றுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும் என்கிறது விதி, மோட்டார் வாகனத்துக்கு இருப்பது போலவே. பாலிசி இருந்தால் அன்றே தெரிவியுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிச் செலவு உங்கள் பையிலிருந்துதான். அதோடு விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. விபத்தை 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியாக விமானத் துறைக்கு அறிவிக்க வேண்டும். விழுந்த இடம், நேரம், காற்று, பேட்டரியில் மிச்சமிருந்த வோல்ட், விழும் முன் டிரான்ஸ்மிட்டரின் எந்தக் குச்சிக்கு விமானம் பதில் சொல்லவில்லை என்பதை அங்கேயே எழுதிவிடுங்கள். சிதறலைப் பொறுக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை: பேட்டரியைக் கழற்றுங்கள். நசுங்கிய லைப்போ உடனேயும் பற்றலாம், உடனே ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். அரை மணி கழித்து உப்பி, பிறகு பற்றுவதும் உண்டு. காரின் டிக்கியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மணல் நிரப்பிய தகர வாளி ஒன்று எப்போதும் மைதானத்துக்கு வரட்டும். அதில் புதைத்து, மாலை வரை திறந்த வெளியிலேயே விட்டுவையுங்கள்.